குழந்தைக்கு கை மடிப்புல கரப்பான், குப்பைமேனி அரைச்சு போடலாமா டாக்டர்?

சேலம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. லெட்டர் கொஞ்சம் பெருசு, முக்கியமானத மட்டும் சுருக்கி போடறேன்.

"டாக்டர், என் பையனுக்கு நாலு வயசு. கைக்குழந்தையா இருக்கும்போது கன்னத்துல செவப்பா சொரசொரன்னு வந்து போயிடுச்சு. இப்ப முழங்கை மடிப்புலயும் முட்டிக்குப் பின்னாடியும் வருது. ராத்திரி தூக்கத்துலயே சொறியறான், சில நாள் காலைல பாத்தா பெட்ஷீட்ல ரெண்டு மூணு ரத்தப் புள்ளி இருக்கும். எங்க மாமியார் இது கரப்பான்தான்னு சொல்லி குப்பைமேனி, மஞ்சள், உப்பு மூணையும் அரைச்சு போடறாங்க, போட்டதும் அவன் கத்தற கத்துல தெருவே எட்டிப் பாக்குது. தேங்காய் எண்ணெயில கற்பூரம் போட்டு காய்ச்சியும் தடவறோம். முட்டை, கத்தரிக்காய், கருவாடு எல்லாம் நிறுத்தியாச்சு. மெடிக்கல்ல ஒரு ட்யூப் குடுத்தாங்க, மூணே நாள்ல மறைஞ்சுது, விட்டதும் முன்னைவிட அதிகமா வந்துடுச்சு. அதுலருந்து இங்கிலீஷ் மருந்துன்னாலே பயம். வீட்டு வைத்தியத்துலயே சரி பண்ண முடியுமா? நான் இப்ப ஏழு மாசம், அடுத்த குழந்தைக்கும் இது வருமா, வராம இருக்க ஏதாவது செய்யணுமா?"

வீட்டுலயே பாத்துக்கலாமான்னு கேட்டீங்க, மைல்டா இருக்கற வரைக்கும் தாராளமா பாத்துக்கலாம், நானே பாதிப் பேருக்கு மருந்தவிட குளியலையும் எண்ணெயையும் பத்திதான் அதிக நேரம் பேசறேன். ஆனா உங்க வீட்டுல இப்ப நடக்கறது என்னன்னா, அந்தத் தோலுக்கு தேவையானது எதுவும் போகல, எரியறது மட்டும் நாலு வகையா போயிட்டு இருக்கு. அத முதல்ல நிறுத்தணும்.

அதுக்கு முன்னாடி இது எக்ஸிமாதானான்னு, அதாவது நீங்க கரப்பான்னு சொல்றத நாங்க சொல்ற பேர், ஒரு தடவ பாத்துடலாம். கன்னத்துல ஆரம்பிச்சு, வளர வளர முழங்கை மடிப்பு, முட்டியோட பின்பக்கம், மணிக்கட்டு, கழுத்துன்னு எடம் மாறறது அட்டோபிக் எக்ஸிமாவோட, அதாவது பரம்பரையா வர்ற வகையோட வழக்கம், வீட்டுல யாருக்காவது வீசிங், காலைல எழுந்ததும் வரிசையா தும்மல்னு இருந்தா இன்னும் உறுதி. நீங்க எழுதினது அப்படியே பொருந்துது. ஆனா நேர்ல பாக்காம சொல்றேன், அதனால ரெண்டு விஷயத்த பகல் வெளிச்சத்துல நீங்களே பாருங்க. ஒண்ணு, தடிப்பு வட்டமா, ஓரம் மட்டும் செவந்து மேடா, நடுவுல தெளிஞ்சு இருக்கா? அப்படின்னா அது படர்தாமரையா இருக்கலாம், அதுக்கு வைத்தியமே வேற. ரெண்டாவது, விரல் இடுக்குல, இடுப்புல, தொப்புள சுத்தி சின்ன சின்னப் பொரி இருந்து, வீட்டுல மத்தவங்களுக்கும் ராத்திரி ஆனா அரிக்குதுன்னா அது சிரங்கு, ஸ்கேபீஸ்னு சொல்வோம், அது ஒரு பூச்சியால வர்றது, வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல மருந்து போட்டாதான் போகும், தேங்காய் எண்ணெய் ஒரு வருஷம் தடவினாலும் போகாது. இந்த ரெண்டும் இல்லன்னா மேல படிங்க.

எக்ஸிமா இருக்கற தோல் பொறந்ததுலருந்தே கொஞ்சம் ஓட்டையான தோல். ஓட்டு வீட்டுல ஓடு நகந்துபோனா எப்படியோ அப்படி, உள்ள இருக்கற ஈரம் வெளிய போயிட்டே இருக்கும், வெளிய இருக்கற சோப்பு, தூசி, வியர்வை, கிருமி எல்லாம் உள்ள வந்துட்டே இருக்கும். ஃபிலாக்ரின்னு ஒரு புரதம், மேல் தோல இறுக்கமா வச்சிருக்கற வேலை அதோடது, அதுக்கான ஜீன்ல குறை இருக்கறவங்களுக்கு எக்ஸிமா வர்ற வாய்ப்பு அதிகம்னு 2006-ல கண்டுபிடிச்சாங்க. எல்லாருக்கும் இதே காரணம்னு இல்ல, ஆனா தோல் வறண்டு ஓட்டையாகறதுங்கறது எல்லாருக்கும் பொது. அதனால "ரத்தம் கெட்டுப்போச்சு, உள்ள இருக்கற அழுக்கு வெளிய வருது, வர விடுங்க"ன்னு யாராவது சொன்னா காதுல வாங்கிக்காதீங்க. ரத்தத்த சுத்தம் பண்றேன்னு கசாயம், பேதி மாத்திரைன்னு நாலு வயசுப் பையனுக்கு குடுக்கறது எனக்கு கேக்கவே கஷ்டமா இருக்கும்.

சரி, குளியல். தினமும் குளிப்பாட்டலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, தாராளமா, நம்ம ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் குளிக்காம விட்டாதான் அரிப்பு ஏறும். ஆனா தண்ணி வெதுவெதுப்பா இருந்தா போதும், உங்க முழங்கைய விட்டுப் பாத்தா சூடு தெரியக்கூடாது. அஞ்சு நிமிஷம், மிஞ்சிப்போனா பத்து. சுடச்சுட ஊத்தினா அப்ப அரிப்பு அடங்கின மாதிரி சுகமா இருக்கும், பையனும் "இன்னும் ஊத்து"ம்பான், அரை மணி நேரத்துல தோல் இழுத்துப் புடிச்சு ரெண்டு மடங்கா சொறிவான். சோப்ப உடம்பு பூரா போடாதீங்க, அக்குள், தொடை இடுக்கு, பாதம், அழுக்கு படற எடம், அவ்வளவுதான். நம்ம தோல் லேசான அமிலத்தன்மையோட பிஹெச் அஞ்சு சொச்சத்துல இருக்கு, சாதாரண குளியல் சோப்பு அதுக்கு நேர்மாறா காரத்தன்மையோட ஒன்பது பத்துல இருக்கும், மடிப்புல வெடிச்சுக் கிடக்கற தோல்ல அத தேச்சா என்ன ஆகும்னு யோசிங்க. சின்டெட் பார்னு, பாக்க சோப்பு மாதிரி ஆனா சோப்பு சேராத கட்டி, மருந்துக் கடையில கிடைக்கும், நுரை கம்மியா வரும், அது பரவால்ல. கிருமி சாகட்டும்னு பக்கெட் தண்ணியில ஆன்டிசெப்டிக் லிக்விட் ஒரு மூடி ஊத்தற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்டுடுங்க. நார், பீர்க்கங்கூடு எதுவும் வேணாம். கடலை மாவு, பயத்தம் மாவு, நலங்கு மாவு எல்லாம் நல்ல தோலுக்கு ஒண்ணும் பண்ணாது, ஆனா மொரமொரன்னு இருக்கற மாவ புண் மேல தேய்க்கறதும், அது எண்ணெய் பசைய ஒட்டுமொத்தமா எடுத்துட்டுப் போறதும் இவனுக்கு ஆகாது. வாராவாரம் நல்லெண்ணெய் வச்சு குளிப்பாட்டறீங்கன்னா எண்ணெயில பிரச்சனை இல்ல, அப்புறம் சீயக்காய், அரப்பு போட்டு சரசரன்னு தேச்சு எடுக்கறீங்களே, அங்கதான் வச்சதெல்லாம் போயிடுது.

துவட்டறத பாத்துப் பண்ணுங்க. டவலால தேய்க்காம ஒத்தி ஒத்தி எடுக்கணும், தோல் மேல லேசா ஈரம் மினுமினுன்னு நிக்கும்போதே, மூணு நிமிஷத்துக்குள்ள, பாத்ரூம் வாசல்லயே வச்சு, எண்ணெயோ க்ரீமோ தடவிடணும். ட்ரெஸ் போட்டு, பவுடர் அடிச்சு, சாப்பாடு ஊட்டிட்டு அப்புறம் தடவறேன்னா அந்த ஈரம் அதுக்குள்ள காத்துல போயிருக்கும், காஞ்ச தோல்ல தடவறதுக்கும் ஈரத்தோல்ல தடவறதுக்கும் நிறைய வித்தியாசம். பவுடர் வேணவே வேணாம், அது இருக்கற ஈரத்தையும் உறிஞ்சிடும். கேலமைன் லோஷனும் அப்படித்தான், பொரிப் பொரியா ஈரம் கசியற அரிப்புக்கு ஓகே, இந்த வறண்ட தோலுக்கு அது எதிரி.

எவ்வளவு தடவறதுங்கறதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. ஒரு விரல் நுனியில எடுத்து ரெண்டு காலுக்கும் இழுத்து விட்டுட்டு "டாக்டர், தினமும் தடவறோம், ஒண்ணும் கேக்கல"ன்னு வர்றாங்க. உடம்பு பூரா வறண்டிருக்கற குழந்தைக்கு வாரத்துக்கு கால் கிலோ மாய்ஸ்சரைசர் ஆகும், வாரத்துக்குன்னு சொல்றேன், மாசத்துக்கு இல்ல. உங்க பையனுக்கு மடிப்புகள்ல மட்டும்தான்னா அவ்வளவு வேணாம், ஆனா தடவி முடிச்சதும் தோல் பளபளன்னு இருக்கணும், உங்க விரல் வழுக்கிட்டு ஓடணும், அதுதான் அளவு. முடி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமா, மேல இருந்து கீழ நீவி விடுங்க, முன்னும் பின்னுமா அரக்கித் தேச்சா முடிக்கால்ல அடைச்சு சீழ்க்கட்டி மாதிரி வரும். காலைல ஒரு தடவ, ராத்திரி படுக்கும்போது ஒரு தடவ, ஸ்கூல் விட்டு வந்து கை கால் கழுவினதும் முடிஞ்சா இன்னொரு தடவ. தோல் நல்லா இருக்கற நாள்லயும் தடவணும், இதத்தான் யாரும் கேக்க மாட்டேங்கறாங்க.

எதத் தடவறதுன்னா, உங்க கையில ஏற்கனவே இருக்கற தேங்காய் எண்ணெய் நல்ல சாய்ஸ், கற்பூரம் இல்லாம. ஃபிலிப்பைன்ஸ்ல 117 குழந்தைகள வச்சு 2014-ல ஒரு ஆய்வு வெளியாச்சு, மைல்டு, மீடியம் எக்ஸிமா உள்ளவங்க, எட்டு வாரம், பாதிப் பேருக்கு வெர்ஜின் தேங்காய் எண்ணெய், மீதிப் பேருக்கு மினரல் ஆயில், அதாவது பெட்ரோலியத்துலருந்து எடுக்கற எண்ணெய். எக்ஸிமா எவ்வளவு தீவிரம்னு அளக்கற ஸ்கோர் தேங்காய் எண்ணெய் தடவினவங்களுக்கு சராசரியா 68 சதவீதம் இறங்குச்சு, மினரல் ஆயில்காரங்களுக்கு 38. அதுல தடவினது பச்சைத் தேங்காயிலருந்து எடுக்கற வெர்ஜின் எண்ணெய், கொப்பரைய செக்குல ஆட்டற எண்ணெய் இல்ல, அத மனசுல வச்சுக்கோங்க. கேரளாவுல தேங்காய்ப்பால காய்ச்சி வெந்த வெளிச்செண்ணெய்னு எடுப்பாங்களே, கைக்குழந்தைங்களுக்கு தடவ, அதுவும் பச்சைத் தேங்காயிலருந்து வர்றதுதான். செக்கு எண்ணெய்தான் இருக்குன்னா அதையும் தடவலாம், வாசனை சேர்த்தது, மூலிகை ஊறவச்சது, ஹேர் ஆயில் பாட்டில்ல வர்றது இதெல்லாம் வேணாம். காசு அதிகம்னு ஆலிவ் ஆயில் உசத்தின்னு நினைச்சுக்காதீங்க, அதுல இருக்கற ஓலிக் ஆசிட் தோலோட இறுக்கத்த இன்னும் தளர்த்துதுன்னு பாத்திருக்காங்க, கடுகெண்ணெயும் வேணாம்.

வெறும் பெட்ரோலியம் ஜெல்லியும் அருமையான பொருள், சீப், வாசனை இல்லாததா பாத்து வாங்குங்க. மார்கழி, தைல தோல் பாளம் பாளமா வெடிக்கும்போது அதுதான் சரி. சித்திரை வைகாசில அத அப்பினா வியர்வை அடைச்சு வேர்க்குரு கிளம்பிடும், அப்ப தேங்காய் எண்ணெயோ லைட்டான க்ரீமோ போதும். க்ரீம் வாங்கினா பாக்கெட்ல ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீன்னு போட்டிருக்கான்னு பாருங்க, குழந்தை படம் போட்டு நல்லா மணக்குதுங்கறதுக்காக வாங்காதீங்க. இங்க ஒண்ணு சொல்லியாகணும், எண்ணெய், ஜெல்லி ஊறின துணி நெருப்பு பட்டா குபுக்குனு புடிச்சுக்கும், துவைச்சாலும் முழுசா போகாது. அடுப்புப் பக்கம், விளக்கேத்தற எடம், தீபாவளி மத்தாப்பு, அந்த நேரத்துல வேற சட்டை மாத்தி விடுங்க.

ஓட்ஸ் பத்தி நீங்க கேக்கல, ஆனா வீட்டு வைத்தியத்துல ஆதாரம் உள்ளதுல அதுவும் ஒண்ணு. அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2003-ல கொலாய்டல் ஓட்மீல, அதாவது மாவா பொடிச்ச ஓட்ஸ, தோலுக்குப் பாதுகாப்பு குடுக்கற பொருள் லிஸ்ட்ல சேர்த்துச்சு. சாதா ஓட்ஸ மிக்ஸில நைசா அரைச்சு (மசாலா ஓட்ஸ் இல்லங்க, ஒரு வீட்டுல அதையும் போட்டிருந்தாங்க), ஒரு மெல்லிய துணியில முடிஞ்சு வெதுவெதுப்பான தண்ணியில ஊறவச்சா தண்ணி பால் மாதிரி ஆகும், வழவழன்னு இருக்கும், அத அரிக்கற எடத்துல மெதுவா ஊத்தி அஞ்சு நிமிஷம் விட்டு, நல்ல தண்ணி ஊத்தி, உடனே எண்ணெய். ஓட்ஸ் இல்லன்னா வடிச்ச கஞ்சித் தண்ணிய ஆறவச்சு தண்ணியில கலந்து ஊத்தறதும் இதமாத்தான் இருக்கும், உப்பு போடாத கஞ்சியா இருக்கணும்.

இப்ப உங்க மாமியார் சமாச்சாரம். அவங்க பேரன் மேல இருக்கற அக்கறையில பண்றாங்க, அதுல எனக்கு சந்தேகம் இல்ல, குப்பைமேனி இலைக்கு கிருமிய அடக்கற குணமும் உண்டு. ஆனா உப்ப சேர்த்து அரைச்சு சொறிஞ்சு ரத்தம் வந்த தோல்ல அப்பினா அவன் கத்தாம என்ன பண்ணுவான்? எரிஞ்சாதான் மருந்து வேலை செய்யுதுன்னு ஒரு நம்பிக்கை நம்மகிட்ட இருக்கு, எக்ஸிமாவுல அது நேர் தலைகீழ், எரிஞ்சா தோல் இன்னும் புண்ணாகுது, அடுத்த நாள் இன்னும் அரிக்குது. பச்சிலை எதுவா இருந்தாலும் அப்படியே அரைச்சு ஓட்டைத் தோல்ல போடும்போது அதுக்கே அலர்ஜி ஆகற ரிஸ்க் உண்டு, வேப்பிலையும் மஞ்சளும்கூட அதுல சேர்த்திதான். குப்பைமேனிச் சாற உள்ளுக்குக் குடுக்கறத மட்டும் அறவே பண்ணாதீங்க. ஜி6பிடின்னு ஒரு என்சைம் குறைவா உள்ளவங்க உடம்புல அது ரத்தச் சிவப்பணுக்கள உடைச்சுடும், இலங்கையில இந்த இலை சேர்ந்த மூலிகைக் கஞ்சி குடிச்சவங்களுக்கு அப்படி ஆகி ஆஸ்பத்திரில சேர்த்தது மருத்துவ இதழ்லயே வந்திருக்கு. நம்ம குழந்தைக்கு அந்தக் குறை இருக்கா இல்லையான்னு டெஸ்ட் பண்ணாம யாருக்கும் தெரியாது.

கற்பூரம். இதுல நான் கொஞ்சம் கறாராவே சொல்றேன், கற்பூர எண்ணெய் பாட்டில இன்னிக்கே கீழ ஊத்திடுங்க. சில்லுன்னு இருக்கறதால அரிப்பு மறக்கும், அவ்வளவுதான் அதோட வேலை, ஆனா கற்பூரம் தோல் வழியா உடம்புக்குள்ள போகக்கூடியது, தோல் வெடிச்சிருந்தா இன்னும் அதிகமா போகும், குழந்தைங்களுக்கு அது வலிப்பக்கூட வரவைக்கலாம். எண்ணெய்னு நினைச்சு அவனோ, நாளைக்கு பொறக்கற குழந்தைக்கு யாராவது அவசரத்துலயோ வாயில விட்டுட்டா ஒரு ஸ்பூனே ஆபத்து. அந்துருண்டையும் கற்பூரமும் ஒரே டப்பால வைக்கற வீடுங்க இருக்கு, அதையும் ஒரு பார்வை பாத்துக்கோங்க. இதே வரிசையில எலுமிச்சம்பழம், பூண்டு, வினிகர் மூணும் வரும். பூண்ட நசுக்கி வச்சு கட்டி தீக்காயம் மாதிரி கொப்புளம் வந்த குழந்தைங்களப் பாத்திருக்கேன். ஆப்பிள் சைடர் வினிகர் வீடியோவ உங்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பாங்க, ஆய்வு பண்ணிப் பாத்ததுல தோல் தேறல, எரிச்சல்தான் மிச்சம். கற்றாழை பரவால்ல, ஆனா மடல வெட்டினதும் மஞ்சளா ஒரு பால் வடியும் பாருங்க, அது முழுசா வடியட்டும்னு சாய்ச்சு வச்சு, கழுவி, உள்ள இருக்கற ஜெல்ல மட்டும் எடுக்கணும், அதையும் மொதல்ல கையில ஒரு எடத்துல வச்சுப் பாத்துட்டுதான். மாமியார்கிட்ட "டாக்டர் வேணாம்னுட்டார்"னு வெட்டிப் பேசாம, ராத்திரி எண்ணெய் தடவற பொறுப்ப அவங்ககிட்டயே குடுத்துடுங்க, உங்களவிட பொறுமையா நீவி விடுவாங்க.

சாப்பாடு. கரப்பான் பண்டம்னு சொல்லி கத்தரிக்காய், கருவாடு நிறுத்தறது நம்ம பக்கம் ரொம்பப் பழைய பழக்கம், அது ரெண்டும் இல்லாம பையன் நல்லாவே வளருவான், அதுக்காக நான் சண்டை போட மாட்டேன். ஆனா முட்டை வேற விஷயம். முட்டை சாப்பிட்ட ரெண்டு மணி நேரத்துக்குள்ள உடம்புல தடிதடியா தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி இதுமாதிரி வந்திருந்தா அது அலர்ஜி, டாக்டர் பாக்கணும். அப்படி எதுவும் இல்லாம, மடிப்புல அரிக்குதுங்கற ஒரே காரணத்துக்காக நிறுத்தியிருந்தா திரும்ப ஆரம்பிக்கறதுதான் சரி, ஆனா நிறுத்தி எவ்வளவு காலம் ஆச்சுன்னு நீங்க எழுதல, பல மாசம் ஆயிடுச்சுன்னா குழந்தை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு குடுங்க, ஏன்னா எக்ஸிமா உள்ள குழந்தைங்களுக்கு நல்லா ஒத்துப்போயிட்டிருந்த ஒரு பொருள ரொம்ப நாள் நிறுத்தினா, திரும்பக் குடுக்கும்போது புதுசா அலர்ஜி ஆகறது உண்டு. பால், முட்டை, மீன், கடலைன்னு ஒவ்வொண்ணா வெட்டிட்டே போய் கடைசில எடை ஏறாத, ரத்தம் குறைஞ்ச பையன், அரிப்பும் அப்படியே இருக்குன்னு வர்றவங்கள வாரம் தவறாம பாக்கறேன்.

அந்த ட்யூப்தான் எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கு. பேர் எழுதல நீங்க, ஆனா மூணு நாள்ல மறைஞ்சு, விட்டதும் பொங்கிட்டு வந்துச்சுன்னா கண்ண மூடிட்டு சொல்லலாம், அதுல க்ளோபெட்டசால் மாதிரி ரொம்ப ஸ்ட்ராங்கான ஸ்டீராய்டு, அதாவது செவப்பையும் அரிப்பையும் அடக்கற மருந்து இருந்திருக்கும், கூடவே ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு ஃபங்கஸ் மருந்துன்னு மூணு நாலு சமாச்சாரத்த ஒரே ட்யூப்ல கலந்திருப்பாங்க. ட்யூப்ப எடுத்து பின்னாடி பொடி எழுத்துல பாருங்க, "சால்", "சோன்"னு முடியற பேர் ஏதாவது இருந்தா அத ஒரு டாக்டர்கிட்ட காட்டாம திரும்பத் தொடாதீங்க. குழந்தையோட மடிப்புத் தோல் மெல்லிசு, அங்க இந்த ஸ்ட்ராங் மருந்து மாசக்கணக்குல பட்டா தோல் பேப்பர் மாதிரி ஆகி கோடு கோடா விழும், அது ஆயுசுக்கும் போகாது. படர்தாமரையா இருந்து இத போட்டிருந்தா இன்னும் மோசம், செவப்பு அடங்கி ஃபங்கஸ் உள்ளுக்குள்ள படர்ந்துட்டே போகும். 2018-லயே மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்கள டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு கொண்டுவந்துடுச்சு, ஆனா கடையில "அரிப்புக்கு ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டா இன்னிக்கும் அதுதான் கைக்கு வருது.

ஆனா அதுக்காக ஸ்டீராய்டுன்னாலே விஷம்னு முடிவு பண்ணிடாதீங்க. செவந்து, தடிச்சு, தூக்கமில்லாம சொறியற நாள்ல வெறும் எண்ணெய் மட்டும் போதாது, அந்த நெருப்ப அணைக்க ஒரு மருந்து வேணும். மைல்டான ஹைட்ரோகார்ட்டிசோன் மாதிரி ஒண்ண, டாக்டர் பாத்து எழுதி, இத்தன நாள்னு கணக்கு சொல்லி, சரியான அளவுல போட்டா நாலு வயசுப் பையனுக்கு அது பாதுகாப்பானதுதான். அளவுக்கு ஒரு வழி இருக்கு, பெரியவங்க ஆள்காட்டி விரலோட நுனியிலருந்து முதல் மடிப்பு வரைக்கும் ட்யூப்ப அழுத்தி ஒரு கோடு போட்டா அது சுமார் அரை கிராம், பெரியவங்களோட ரெண்டு உள்ளங்கை அளவு, விரல்களும் சேர்த்து, தோலுக்கு அது போதும். பயந்து பயந்து பாதியா போட்டு, ரெண்டு நாள் போட்டு ஒரு நாள் விட்டுன்னு இழுத்தா மாசக்கணக்குல மருந்து போட்டுட்டே இருக்க வேண்டி வரும், சரியா போட்டா சீக்கிரம் நிறுத்திட்டு எண்ணெய்க்கு வந்துடலாம்.

ராத்திரிக்கு வருவோம். நகத்த வாரம் ரெண்டு தடவ வெட்டி, ஓரத்த அரத்துல வழுவழுன்னு தேச்சு விடுங்க, ரத்தப் புள்ளில பாதி இதுலயே குறையும். மெல்லிசு காட்டன் சட்டை, ஃபேன் காத்து படணும், வியர்த்தா அரிப்பு கூடும், கம்பளி, நைலான் தோல தொடவே கூடாது. ரொம்ப அரிக்கற ராத்திரிக்கு ஈரத்துணி கட்டிப் பாருங்க. குளிப்பாட்டி, தாராளமா எண்ணெயோ க்ரீமோ தடவி, பழைய காட்டன் வேட்டியக் கிழிச்சு வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு முழங்கை மடிப்புல தளர்வா சுத்தி, அதுக்கு மேல காஞ்ச துணி ஒண்ணு சுத்தி, முழுக்கை சட்டை போட்டு விடுங்க. ஈரம் ஆற ஆற அரிப்பும் அடங்கும், சொறிஞ்சாலும் துணியத்தான் சொறிவான். சளி, காய்ச்சல் இருக்கும்போதும், புண்ணுல சீழ் இருக்கும்போதும் இது வேணாம், ஸ்டீராய்டு போட்ட எடத்து மேல டாக்டர் சொல்லாம கட்டக்கூடாது, உள்ள அதிகமா போயிடும்.

துணிய வாஷிங் பவுடர் போக ரெண்டு தடவ அலசுங்க. போர் தண்ணி உப்பாதான் இருக்கு, அதனாலதான் வருதான்னு கேட்டு பத்தாயிரம் இருபதாயிரத்துக்கு சாஃப்ட்னர் மாட்டறவங்க இருக்காங்க. கடின நீர் உள்ள ஊர்கள்ல எக்ஸிமா கொஞ்சம் அதிகமா இருக்குங்கறது உண்மை, ஆனா 2011-ல இங்கிலாந்துல 336 குழந்தைங்க வீட்டுல வச்சு சோதிச்சுப் பாத்தாங்க, பாதிப் பேர் வீட்டுல சாஃப்ட்னர் மாட்டி பன்னெண்டு வாரம் பாத்தும் எக்ஸிமாவுல வித்தியாசம் இல்ல. அந்தக் காசுக்கு எத்தனையோ மாசம் மாய்ஸ்சரைசர் வாங்கலாம்.

எப்ப வீட்டு வைத்தியத்த ஓரங்கட்டிட்டு கிளம்பணும்னா, புண் மேல தேன் கலர்ல பொருக்கு கட்டினாலோ, சீழ் வச்சாலோ, தொட்டா சுட்டாலோ அது கிருமித் தொற்று, அன்னிக்கே காட்டணும். திடீர்னு ஒரே அளவுல குட்டிக் குட்டிக் கொப்புளமா, குழி குழியா வலியோட வந்து காய்ச்சலும் அடிச்சா ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, ஹெர்பிஸ் வைரஸ் எக்ஸிமா தோல்ல பரவினா அப்படி வரும், கண்ணுக்குக்கூட ஆபத்து. அம்மை போட்டிருக்குன்னு நினைச்சு வேப்பிலை வச்சு காத்திருக்க வேணாம், வீட்டுல யாருக்காவது உதட்டுல அக்கி மாதிரி கொப்புளம் இருந்தா அது ஆறற வரைக்கும் பையன முத்தம் கொஞ்ச வேணாம்னு சொல்லுங்க. இது எதுவும் இல்லாட்டியும், நான் சொன்ன குளியல், எண்ணெய் எல்லாம் ஒழுங்கா ரெண்டு வாரம் பண்ணியும் ராத்திரி தூக்கம் கெட்டுட்டே இருந்தா மைல்டுன்னு வச்சுட்டு உக்காரக் கூடாது, அந்த ட்யூப்பையும் கையோட எடுத்துட்டு ஒரு தோல் டாக்டரப் பாருங்க, கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில தோல் நோய் ஓபி இருக்கும், சேலத்துலயும் இருக்கு.

கடைசியா பொறக்கப் போற பாப்பா. அண்ணனுக்கு இருக்கறதால தங்கச்சிக்கோ தம்பிக்கோ வர்ற வாய்ப்பு மத்த குழந்தைங்களவிட கூடத்தான், வந்தே தீரும்னு இல்ல. பொறந்த நாள்லருந்தே தினமும் க்ரீம் தடவினா வராம தடுக்கலாம்னு ஒரு காலத்துல நாங்களும் நம்பினோம், இங்கிலாந்துல 1,394 பச்சைக் குழந்தைங்கள ரெண்டு பங்கா பிரிச்சு, ஒரு பங்குக்கு மட்டும் ஒரு வருஷம் அப்படி தடவ வச்சுப் பாத்துட்டு 2020-ல முடிவச் சொன்னாங்க, ரெண்டு வயசுல பாத்தா எக்ஸிமா வந்தது தடவினவங்கள்ல 23 சதவீதம், தடவாதவங்கள்ல 25 சதவீதம், கிட்டத்தட்ட ஒண்ணுதான், தடவினவங்களுக்கு தோல்ல கிருமித் தொற்று கொஞ்சம் கூட. அதனால தடுக்கறதுக்குன்னு எதுவும் தடவ வேணாம், நீங்களும் கர்ப்பத்துல முட்டை, பால், கடலைய நிறுத்த வேணாம், அதுல பலன் இருக்கறதா தெரியல. குளிப்பாட்டறதுக்கு முன்னாடி பாட்டி தேங்காய் எண்ணெய் நீவி விடறது வேற, அது சந்தோஷமா நடக்கட்டும், சாம்பிராணிப் புகைய மட்டும் குழந்தை மூஞ்சிகிட்ட காட்ட வேணாம், வீசிங் பரம்பரை இருக்கற வீடா இருந்தா அது இருமல கிளப்பும். கன்னம் செவந்து சொரசொரன்னு ஆரம்பிச்சா அன்னிக்கே எண்ணெயக் கூட்டி, சோப்பக் குறைச்சு, அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.